ரிசீவர் காலில் போல்ட் இருக்கிறதா?

நிலம் லேசாக அதிர்ந்தாலே கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் முல்லைப் பெரியாறு அணை நினைவுக்கு வந்துவிடும். 2011-இல் இடுக்கிப் பக்கம் அடுத்தடுத்து அதிர்ந்தபோதும் பேச்சு முழுக்க அணையைப் பற்றித்தான். ஐஸ் கம்பெனியிலும் குளிர்பதனக் கிடங்கிலும் பெரிய பால் பண்ணையிலும் நிற்கும் அமோனியா டேங்க் தரையோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கிறதா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வருசநாடு, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கமிருந்து இப்படிப்பட்ட இடங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

நமக்குப் பூகம்பம் வராது என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள நெடுங்கண்டத்தில் 1988 ஜூனில் 4.5 ரிக்டர் அளவில் அதிர்ந்தது. 2000 டிசம்பர் 12-இல் ஈராட்டுப்பேட்டை வட்டாரத்தில் அது 5 வரை போனது. 2016 நில அதிர்வுத் தரநிலைப்படி கேரளம் முழுவதும் 3-ஆம் நில அதிர்வு மண்டலம். அதற்கும் நமக்கும் நடுவில் ஒரு மலைத்தொடர்தான்.

இந்த அளவு அதிர்வில் நன்றாகக் கட்டிய கட்டடம் விழாது. ஆனால் போல்ட் இல்லாத டேங்க் நகரலாம். "ரெண்டு டன் வெயிட்டுங்க, அது எங்க நகரப் போகுது?" என்று ஆலைக்காரர்கள் சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். தவறான நம்பிக்கை இது. எடை கூடக் கூட, அதிர்வு அதைத் தள்ளும் விசையும் கூடும். தரையோடு உள்ள உராய்வு பிடித்துக்கொள்ளும் என்று பொறியாளர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. டேங்க் நாலு விரல் அளவு நகர்ந்தாலும் அதோடு வெல்டிங் செய்த குழாய் கழுத்தில் முறிந்துவிடக்கூடும். ஒரு லிட்டர் திரவ அமோனியா சுமார் 850 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு கலந்தாலே உயிருக்கு ஆபத்து. 2024 ஜூலையில் தூத்துக்குடி மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் அமோனியா கசிந்து, ஏறத்தாழ 30 பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே காரணம் நில அதிர்வு இல்லை. ஆனால் கலிபோர்னியாவின் வாட்சன்வில் நகரில் 1989 பூகம்பத்தின்போது உணவு ஆலையிலிருந்து இதே வாயு வெளியேறியது.

ஆலைக்குள் போகிறவர்கள் முதலில், திரவ அமோனியா சேர்ந்து நிற்கும் ரிசீவர் டேங்கின் காலைக் குனிந்து பாருங்கள். இரும்புத் தாங்கி கான்கிரீட் பெட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அடித்தட்டில் ஓட்டை இருக்கும், போல்ட் இருக்காது. அல்லது போல்ட் இருக்கும், நட் இருக்காது. இரண்டும் இருந்தால் நட்டைச் சுத்தியால் லேசாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு கான்கிரீட் மாவாக உதிர்ந்திருந்தால் போல்ட் இருந்தும் பயனில்லை. செங்கல்லையோ பலகையையோ முட்டுக் கொடுத்திருந்தால் அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மாடியில் நிற்கும் கன்டென்சரையும் விடாதீர்கள், உயரம் கூடினால் ஆட்டமும் கூடும்.

ஒரு எச்சரிக்கை. பயந்துபோய் டேங்கின் இரண்டு தாங்கிகளையும் வெல்டிங் வைத்து இறுக்கிவிடக் கூடாது. சூட்டிலும் குளிரிலும் டேங்க் நீண்டு சுருங்கும். ஒரு பக்கத் தாங்கியில் நீள்துளை வைத்துத்தான் முடுக்க வேண்டும். இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர், வெல்டிங் பட்டறைக்காரர் அல்ல.

அதிகாரிகளிடம் கேட்டால் "அழுத்தக்கலன் சான்று இருக்கிறதே" என்பார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்தச் சான்று டேங்க் அழுத்தம் தாங்குமா என்பதைச் சொல்லும், அதன் கால் தரையில் நிற்குமா என்பதைச் சொல்லாது. இரண்டும் வேறு வேறு என்று தெரிந்தே ஒரு தாளைக் காட்டி மற்றதை மூடுகிறார்கள்.

மனு போக வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். தேனி மாவட்டத்தைக் கவனிக்கும் இணை இயக்குநர் பெயருக்கு ஒன்றைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அதன் நகலைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். "பாதுகாப்பு இல்லை" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் தூங்கும். இப்படி எழுதுங்கள்: "மேற்படி ஆலையின் ரிசீவர், கன்டென்சர், கம்ப்ரஸர் ஆகியவற்றின் அடித்தளப் பிணைப்பை, ஐ.எஸ். 1893 நில அதிர்வுத் தரநிலைப்படி கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்து, அறிக்கை பெற உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கூடவே தகவல் உரிமைச் சட்டம் 6(1) பிரிவில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த இயக்ககத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். "ஏன் பார்க்கவில்லை" என்று கேட்காதீர்கள். கடைசி ஆய்வு அறிக்கையின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குள் 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு. வேலை போய்விடும் என்று தொழிலாளி பயந்தால் ஊரில் வேறு யாரும் விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. இயந்திரம் நிறுவ உள்ளாட்சி அமைப்பு கொடுத்த அனுமதியின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

மறுபடியும் சொல்கிறேன், அழுத்தச் சான்றைக் காட்டினால் திரும்பி வந்துவிடாதீர்கள். பிணைப்பு அறிக்கை கையில் கிடைக்கும்வரை கேளுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் இதையே தீர்மானமாகப் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.