30 டாலருக்குப் போன பாட்டு

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், அப்பல்லோ தியேட்டர் மேடையில் கறுப்பினப் பாடகர்கள் இருவர் ஒரு பாட்டைப் பாடினார்கள். மொழி யிட்டிஷ்: கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழி. அரங்கில் யாருக்கும் புரிந்திருக்காது, ஆனாலும் கூட்டம் ஆடித் தீர்த்தது. அங்கே உட்கார்ந்திருந்த இளம் பாடலாசிரியர் சாமி கான் மனக்கணக்குப் போட்டார். புரியாதபோதே இப்படியென்றால், ஆங்கிலத்தில் வந்தால்? அவரே பின்னாளில் சொன்ன கதை இது.

‘பை மிர் பிஸ்து ஷேன்’ என்ற அந்தப் பாட்டுக்கு 1932-இல் ஒரு யிட்டிஷ் நாடகத்துக்காக மெட்டுப் போட்டவர் ஷோலம் செகுண்டா. சிறுவயதில் ஜெப ஆலயத்தில் பாடியவர். உரிமையை 30 டாலருக்கு விற்றார். அதிலும் பாதி, யிட்டிஷ் வரிகளை எழுதியவருக்கு. கானும் சால் சாப்ளினும் ஆங்கிலத்தில் எழுத, ஆண்ட்ரூஸ் சகோதரிகளின் குரலில் 1938-இல் அமெரிக்கா முழுக்க அதே பாட்டுதான். செகுண்டாவுக்கு உரிமை திரும்பியது 1961-இல்.

அமெரிக்கப் பாட்டுத் தொழிலில் யூதர்கள் இத்தனை பேர் வந்ததற்குக் காரணம் உண்டு. 1880-களிலிருந்து 1924 வரை சுமார் 20 லட்சம் யூதர்கள் அமெரிக்காவில் வந்திறங்கினார்கள். பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அவர்களைத் தள்ளியே வைத்தன. மன்ஹாட்டனின் 28-ஆவது தெருவில் முளைத்த பாட்டு வியாபாரமோ புதுசு. அங்கே குலம் கோத்திரம் விசாரிக்க ஆளில்லை. மெட்டு விலைபோகுமா என்பதே பேச்சு. பின்னாளில் இசையமைப்பாளரான ஜார்ஜ் கெர்ஷ்வின் 15 வயதில் பள்ளியை விட்டுவிட்டு, வாரம் 15 டாலர் சம்பளத்துக்கு, ஒரு பாட்டுப் பதிப்பகத்தில் வருவோர் போவோருக்கெல்லாம் புதுப்பாட்டுகளைப் பியானோவில் வாசித்துக் காட்டினார்.

இன்னொரு காரணம் வீட்டுக்குள் இருந்தது. நம் கோயில் ஓதுவாரைப் போல, ஜெப ஆலயத்தில் வழிபாட்டைப் பாடி நடத்துபவர் ‘கேன்டர்’. இர்விங் பெர்லினும் ஹெரால்ட் ஆர்லனும் கேன்டர்களின் பிள்ளைகள். ரஷ்யப் பேரரசிலிருந்து 5 வயதில் வந்த பெர்லின்தான் ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ எழுதினார். அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் ஒரு யூதரின் பாட்டில் ஒலிக்கிறது!

‘ஓவர் தி ரெயின்போ’வுக்கு இசையமைத்த ஆர்லன், பஃபலோ நகரில் தந்தையின் குழுவில் பாடி வளர்ந்தவர். ஒருநாள் கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினார். தாம் வழிபாட்டில் மனம்போன போக்கில் போடும் சங்கதி அதில் வரக் கேட்டு, இவனுக்கு இது எங்கே கிடைத்தது என்று திகைத்தாராம் பெரியவர்.

அதற்காக எல்லாவற்றையும் ஜெப ஆலயத்திலிருந்தே வரவழைப்பது அவசரம். கறுப்பின மக்களின் ராக்டைம், புளூஸ் இசை வகைகள் இல்லாவிட்டால் கெர்ஷ்வினும் இல்லை, ஆர்லனும் இல்லை. கிடைத்த காசும் பெயரும் இரு தரப்புக்கும் ஒரே அளவில் போய்ச் சேரவில்லை.

ஆனாலும் யூத மெட்டின் ஈர்ப்பு வெளியாரையும் தொட்டது. இந்தியானாவில் பிறந்த இசையமைப்பாளர் கோல் போர்ட்டர் யூதர் அல்ல. 1926-இல் வெனிஸ் நகரில் இன்னொரு இசையமைப்பாளரான ரிச்சர்ட் ராஜர்ஸிடம், வெற்றிப்பாட்டின் ரகசியம் பிடிபட்டுவிட்டது, இனி யூத மெட்டுகள்தான் போடப்போகிறேன் என்றார். ராஜர்ஸ் யூதர், சிரித்து வைத்தார். பின்னாளில் போர்ட்டரின், யூத இசைச் சாயல் கொண்ட மைனர் ஸ்கேல் மெட்டுகளைக் கேட்டபோதுதான், மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்தது.