பழைய காரும் உண்மை உருவமும்

1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகரில் செவ்ரொலெட் நிறுவனத்தார் கார்வெட் என்னும் விளையாட்டுக் காரைச் செய்யத் தொடங்கினர். அவ்வாண்டில் வெளிவந்தவை 300 மட்டுமே. யாவும் வெண்ணிறம், உட்புறம் சிவப்பு. சிதைந்து கிடக்கும் அத்தகைய கார் ஒன்றைப் புதுப்பிக்க முனைபவர் முதலில் ஒரு வினாவுக்கு விடை காண வேண்டும்: அழகாக்குவதா, அன்று இருந்தபடியே ஆக்குவதா?

இரண்டும் ஒன்றே என மாணவர்கள் எண்ணலாம். அன்று. இக்காரின் உடல் உருக்குத் தகடன்று. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகியது. பல துண்டுகளைக் கையால் ஒட்டி இணைத்தனர். ஆதலால் இணைப்புகள் எங்கும் ஒரே சீராக அமையவில்லை. இக்காலக் கைவினைஞர் அவற்றை நேராக்கிப் பளபளப்பாக வண்ணமும் பூசிவிடலாம், காண்போர் வியப்பர். ஆயினும் பிளின்ட் தொழிலாளரின் கைத்தடம் அத்துடன் மறைந்துபோகும். 1974-இல் அமெரிக்காவில் தோன்றிய கார்வெட் புதுப்பிப்போர் சங்கத்தின் நடுவர்கள் இத்தகைய மிகைமெருகுக்கு மதிப்பெண் குறைக்கின்றனர். அது சரியே என்பது என் கருத்து.

உடலின் இயல்பை அறிவதும் இன்றியமையாதது. உருக்கு உடலில் விளக்கின் மின்னோட்டம் உடல் வழியே மின்கலத்துக்குத் திரும்பும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே தனிக் கம்பி வேண்டும். வானொலி அலைகளையும் அது தடுப்பதில்லை. எனவே ஏரியலைப் பின்மூடிக்குள்ளேயே புதைத்துவிட்டனர். (வானொலியில் பேசும் எனக்கு இதில் தனி மகிழ்ச்சி!) வெளியே ஏரியல் காணோமே என்று புதிதாக ஒன்றை நட்டுவிடலாகாது. கதவுக்கு வெளிப்புறக் கைப்பிடியும் இல்லை. உள்ளே கையை விட்டே திறக்க வேண்டும்.

இயந்திரமோ ஆறு உருளைகளும் 150 குதிரைத்திறனும் உடையது. 1955-இல் எட்டு உருளை இயந்திரம் வந்தது. அத்தகைய வலிய இயந்திரம் பின்னாளில் பொருத்தப்பட்ட பழைய கார் கைக்கு வந்தால், அதைக் கழற்றிவிட்டு, வேகம் குறைந்த அந்த ஆறு உருளை இயந்திரத்தையே தேடிப் பிடித்து மீண்டும் பொருத்த வேண்டும்.