பிக்கப் வண்டிக்கு ஷாக் அப்சார்பர் வாங்கும் முன்

கிராமங்களில் மாட்டு வண்டி நின்ற களத்து மேட்டில் இன்று பிக்கப் வண்டி நிற்கிறது. 2005-ம் ஆண்டில் டாட்டா ஏஸ் விற்பனைக்கு வந்து, "குட்டி யானை" என்று பெயர் பெற்ற பிறகு, இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள்கூடக் கடன் வாங்கியோ, அண்ணன் தம்பிகள் பங்கு சேர்ந்தோ ஒரு பார வண்டி வைத்துக் கொள்வது சகஜமாகிவிட்டது. சுற்று வட்டாரத்துக் காய்கறி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவதற்கும், நீலகிரியின் காரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்குவதற்கும் இத்தகைய வண்டிகள் பெரிதும் பயன்படுகின்றன. சிலர் பின்னால் சிறிய டிரெய்லர் மாட்டி, டீசல் பம்பு செட்டையோ, தெளிப்பான் டேங்கையோ இழுத்துச் செல்கின்றனர்.

வண்டி வாங்கிச் சில ஆண்டுகள் ஆனதும் தொல்லை தலைகாட்டுகிறது. பாரம் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி விடுகிறது. வேகத்தடையில் தூக்கிப் போடுகிறது. வளைவில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. "ஷாக் போயிடுச்சு, நாலையும் மாத்திடுங்க" என்கிறார் மெக்கானிக். ஒரு பறிப்புக் காய் விற்ற பணம் அதற்கே போய்விடுகிறது. அடுத்த வாரம் பாரம் ஏற்றினால் வண்டி பழையபடியே அமுங்கி நிற்கிறது. நோய் ஒன்று, கொடுத்த மருந்து வேறு என்பதுதான் இதற்குக் காரணம்.

பாரம் தாங்குவது எது?

வண்டியின் பாரத்தைத் தாங்குவது கமான் பட்டை. ஷாக் அப்சார்பர் ஒரு கிலோ எடையைக்கூடத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. குழியில் சக்கரம் இறங்கி ஏறும்போது கமான் பட்டை வளைந்து நிமிரும். நிமிர்ந்தது அத்தோடு நிற்காமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்கி, சக்கரத்தைத் தரையிலேயே பதிய வைப்பது ஷாக் அப்சார்பரின் வேலை.

சைக்கிள் பம்பின் நுனியை விரலால் பாதி அடைத்துக் கொண்டு கைப்பிடியை அழுத்திப் பார்த்தால் இதன் தத்துவம் விளங்கும். மெதுவாக அழுத்தினால் இறங்கும். வேகமாக அழுத்தினால் எதிர்க்கும். ஷாக் அப்சார்பருக்குள் காற்றுக்குப் பதில் எண்ணெய் இருக்கிறது. பிஸ்டனில் உள்ள சிறு துளைகள், வால்வுகள் வழியாக அந்த எண்ணெய் நெருக்கிக்கொண்டு புகுந்து செல்கிறது. ஆட்டத்தின் வேகம் அங்கே சூடாக மாறி வெளியேறுகிறது. மோசமான பாதையில் பல மைல் ஓடிய வண்டியின் ஷாக் அப்சார்பரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான்.

ஆகவே பாரம் ஏற்றியவுடன் நின்ற இடத்திலேயே வண்டி அமுங்கினால், அது கமான் பட்டை தளர்ந்ததாலோ ஏற்றிய பாரம் அதிகம் என்பதாலோ இருக்கும். ஓடும்போது துள்ளுகிறது, குதித்த பிறகு ஆட்டம் அடங்கவில்லை, பிரேக் போட்டால் மூக்கு குத்துகிறது என்றால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்கலாம்.

குச்சியால் ஒரு சோதனை

கடைக்குப் போகும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யலாம். சமமான தரையில் காலி வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்தின் மையத்திலிருந்து பாடியின் அடி விளிம்பு வரை ஒரு குச்சியை நிறுத்தி அளந்து கோடு போட வேண்டும். இரு பக்கமும் அளக்க வேண்டும். காலி வண்டியிலேயே இடது வலது வித்தியாசம் தெரிந்தால், தாழ்ந்த பக்கத்தில் பட்டை முறிந்தோ தளர்ந்தோ இருக்கக்கூடும். சென்டர் போல்ட் வெட்டுப்பட்டிருக்கிறதா, யூ போல்ட் இளகியிருக்கிறதா, ஷாக்கிள் புஷ் தேய்ந்திருக்கிறதா என்பதையும் அதே சமயத்தில் பார்த்துவிடலாம். "கடகட" என்ற சப்தம் ஷாக் அப்சார்பரிலிருந்து வருவதாக நினைத்து அதை மாற்றியவர்கள் பலர். பல சமயம் அதன் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் புஷ்தான் தேய்ந்திருக்கும். புஷ்ஷின் விலை ஷாக் அப்சார்பர் விலையில் சிறு பகுதியே.

கார்களுக்குச் செய்வது போல மூலையில் கை வைத்து அழுத்தி, எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனை பார வண்டியின் பின்பக்கத்துக்கு ஒத்துவராது. அங்குள்ள கமான் பட்டை ஓர் ஆள் அழுத்தி அசையக் கூடியதல்ல. அதற்குப் பதிலாக, பாதிப் பாரத்துடன் வண்டியை வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கச் செய்து, பின்னால் நின்று மற்றொருவர் பார்க்கலாம். இறங்கியதும் ஓர் ஆட்டத்தோடு வண்டி நிலைக்கு வர வேண்டும். இரண்டு மூன்று முறை துள்ளினால் ஷாக் அப்சார்பர் வேலை செய்யவில்லை என்று கொள்ளலாம்.

கரடுமுரடான பாதையில் ஓட்டிவிட்டு வந்து, புகைக் குழாயைத் தொட்டுவிடாமல், இரு பக்க ஷாக் அப்சார்பர்களையும் தொட்டுப் பார்ப்பது அனுபவம் வாய்ந்த மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது உழைக்கவில்லை. டயரின் ஓரத்தில் விட்டு விட்டுக் குழி விழுந்தாற்போல் தேய்ந்திருப்பதும் ஓர் அடையாளம். உடம்பில் லேசாக எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். எண்ணெய் வழிந்து கீழ்ப்பகுதி முழுவதும் நனைந்திருந்தாலோ, தண்டு வளைந்திருந்தாலோ, குழாய் நசுங்கியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். ஷாக் அப்சார்பர் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்குக் கணக்கு கிடையாது. 80,000 கிலோ மீட்டர் என்பதெல்லாம் நல்ல தார்ச் சாலைக்குச் சொல்வது. வண்டிப் பாதையிலும் வரப்போரத்திலும் ஓடும் வண்டிக்கு அது பொருந்தாது.

பட்டை சேர்த்தால்...

கிராமத்தில் மிகவும் அதிகமாக நடக்கும் தவறு இதுதான். வண்டி அமுங்குகிறது என்று பட்டறையில் விட்டு, ஒரு கமான் பட்டையோ இரண்டோ கூடுதலாகச் சேர்த்து விடுகிறார்கள். பட்டை சேர்ந்ததும் காலி வண்டி முன்னைவிட உயர்ந்து நிற்கிறது. பழைய ஷாக் அப்சார்பரின் தண்டு எப்போதும் பாதிக்கு மேல் வெளியே இழுபட்டே இருக்கிறது. காலி வண்டி ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது சக்கரம் கீழே தொங்கினால், தண்டு கடைசி எல்லை வரை வந்து வெடுக்கென்று இழுபடும். நாளடைவில் அதன் முனை வளையம் அறுந்துவிடும், அல்லது சேசிஸில் அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட் கிழிந்துவிடும். "கம்பெனி ஷாக் மட்டம்" என்று பழி போடுவது அதன் பிறகுதான்.

இன்னொன்றும் உண்டு. பட்டை விறைப்பாகும்போது, வளைந்தது நிமிர்ந்து வரும் வேகமும் கூடுகிறது. அதைப் பிடித்து நிறுத்தும் பலம் பழைய ஷாக் அப்சார்பருக்கு இராது. எனவே பட்டை சேர்த்த வண்டிக்கு மட்டுமே கனரக வகை ஷாக் அப்சார்பர் பொருத்தம். பட்டை சேர்க்காத வண்டிக்கு அதைப் போட்டால், காலியாகத் திரும்பும்போது உடம்பை உலுக்கி எடுத்துவிடும். அரைப் பாரமாகத் தக்காளி ஏற்றினால் அடிப் பெட்டி கசங்கும்.

பட்டை சேர்ப்பதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடை கூடிவிடுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெட்டிக்கு 25 கிலோ வீதம் 60 பெட்டி ஏற்றினால் 1,500 கிலோ ஆகிறது. 1.3 டன் வண்டிக்கு அதுவே 200 கிலோ அதிகம். பிரேக்கும், டயரும், அச்சும் பழைய கணக்கிலேயே இருக்கின்றன. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அதிகப்படியான பாரத்தை இறக்கிய பிறகே வண்டியை நகர்த்த முடியும். காய் வெயிலில் வாடும் நஷ்டம் தனி.

டிரெய்லர் இழுக்கும் வண்டி

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்பாரம் மிஞ்சினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். இரு சக்கர டிரெய்லருக்கும் இதே நியாயம்தான். அதன் மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை கொக்கியின் மேல் அமர வேண்டும். 800 கிலோ டிரெய்லர் என்றால் 80 முதல் 120 கிலோ. இதற்குக் குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பு போல் நெளிந்து வண்டியையே இழுத்துச் சாய்த்துவிடும். இதை எந்த ஷாக் அப்சார்பராலும் தடுக்க முடியாது. பாரத்தை முன்னுக்கு நகர்த்திக் கட்டுவதே வழி.

கொக்கி பின் அச்சுக்கு அப்பால் இருப்பதால், அங்கு அமரும் பாரம் ஏற்றத்துத் துலாவைப் போல் வேலை செய்கிறது. இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி வரை 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கொக்கியில் 100 கிலோ அமரும்போது பின் அச்சில் 140 கிலோ கூடுகிறது. முன் அச்சில் 40 கிலோ குறைகிறது. ஸ்டியரிங் லேசாகி, விளக்கு வெளிச்சம் மேலே போவது இதனால்தான். எனவே டிரெய்லர் மாட்டும் நாளில் வண்டிக்குள் ஏற்றும் பாரத்தை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். இந்த வண்டி டிரெய்லர் இழுக்கலாமா, எத்தனை கிலோ என்பதைக் கையேட்டில் பார்த்துக் கொள்வது அவசியம். டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும்.

பாரம் தாங்கும் என்று சொல்லி, உடம்பைச் சுற்றி ஸ்பிரிங் மாட்டிய ஷாக் அப்சார்பரும் சில கடைகளில் விற்கிறார்கள். ஆட்டத்தை அடக்குவதற்காக வைத்த பிராக்கெட்டின் மேல் பாரத்தையும் ஏற்றுவது இது. பிராக்கெட்டில் வெடிப்பு விட்டால் அதைப் பற்ற வைத்துச் சரிசெய்யும் செலவு, மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகும். சிறு விவசாயிகள் இதைத் தவிர்ப்பது நல்லது.

எதை வாங்கலாம்?

எண்ணெய் மட்டும் உள்ளது, எண்ணெயுடன் நைட்ரஜன் வாயு அடைத்தது என இரு வகை உண்டு. சாதாரண எண்ணெய் வகையில், வெளிக்குழாயில் எண்ணெயுடன் கொஞ்சம் காற்றும் இருக்கும். கரடுமுரடான பாதையில் நீண்ட நேரம் ஓடினால், மோர் கடைவது போல் எண்ணெய் கலங்கி நுரைத்துவிடும். நுரைக்கு எதிர்க்கும் பலம் கிடையாது. வண்டி நின்று ஆறினால் சரியாகிவிடும். "காலையில் நன்றாக இருந்தது, மார்க்கெட் போவதற்குள் ஆட ஆரம்பித்தது" என்பதன் ரகசியம் இதுவே. வாயு அடைத்ததில் அழுத்தம் இருப்பதால் நுரை எளிதில் கட்டுவதில்லை. தோட்டத்திலிருந்து பக்கத்து ஊர்ச் சந்தைக்கு மட்டும் போகும் வண்டிக்கு எண்ணெய் வகையே போதும். மலையிறங்கும் வண்டிக்கும், தினமும் நெடுந்தூரம் பாரத்தோடு ஓடும் வண்டிக்கும், டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கும் வாயு வகைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீணல்ல. மலை இறக்கத்தில் பிரேக் போடும்போது சக்கரம் துள்ளினால், அந்த நொடியில் பிரேக் இல்லாததற்குச் சமம்.

ஒரே பெயரில் விற்கும் பிக்கப்பிலேயே 1.3 டன், 1.7 டன் என வகைகள் உண்டு. வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் வேறு வகைக்கானது வந்து சேரும். ஆர்.சி. புத்தகத்தையும், கழற்றிய பழைய ஷாக் அப்சார்பரையும் கையோடு கொண்டு போக வேண்டும். முழுதும் இழுத்த நீளம், முழுதும் அழுத்திய நீளம், முனை வளையத்தின் அளவு மூன்றும் ஒத்திருக்க வேண்டும். பட்டை சேர்த்த வண்டியானால், ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது மேல் கீழ் பிடிப்புகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, அதைவிடச் சற்று நீளமாக இழுபடக் கூடியதை வாங்க வேண்டும். அச்சு மேல் ரப்பரில் முட்டும் தூரத்தைவிடக் குட்டையாக அழுந்தவும் வேண்டும்.

ஒரு அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நான்குக்கும் பணம் இல்லையென்றால் தேய்ந்த அச்சின் ஜோடியை இப்போதும் மற்றதை அடுத்த பறிப்பிலும் மாற்றலாம். பழையதைத் திறந்து எண்ணெய் மாற்றி, பெயிண்ட் அடித்துக் குறைந்த விலைக்குத் தருவதை வாங்க வேண்டாம். உள்ளே வால்வு தேய்ந்திருப்பதை வெளிப் பூச்சு காட்டாது. பில் வாங்கிக் கொண்டால், கசிந்தால் திருப்பிக் கொடுக்க வசதியாக இருக்கும்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. எண்ணெய் வகையை நிமிர்த்திப் பிடித்து, நான்கைந்து முறை முழுதும் இழுத்து அழுத்திய பிறகே மாட்ட வேண்டும். படுக்க வைத்திருந்ததால் உள்ளே புகுந்த காற்று அப்போதுதான் வெளியேறும். நட்டுகளைக் கடைசியாக முறுக்குவது, சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான். ஜாக்கியில் தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே உழைத்துச் சீக்கிரம் கிழிந்துவிடும். முதல் இரண்டு மூன்று பார நடைகளுக்குப் பிறகு ஸ்பேனர் போட்டு நட்டுகளை ஒரு முறை சரிபார்க்க வேண்டும். புதிதாகப் பட்டை சேர்த்திருந்தால் யூ போல்ட்டையும் அப்போதே பார்த்துவிடலாம்.