கை நீட்டும் பழக்கம் எந்த வயதில் தொடங்குகிறது?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான 18-49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரிடம் அடியோ பாலியல் வன்முறையோ பட்டவர்கள். நாடு முழுவதற்குமான கணக்கு 29.3தான். படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னே நிற்கும் மாநிலத்துக்கு இது பெரிய தலைகுனிவு.

இதன் வேர் பதின்ம வயதில் இருக்கிறது. அப்பா அம்மாவை அடித்த வீட்டில் வளர்ந்த பெண், தன் மணவாழ்விலும் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு என்று இதே ஆய்வின் முந்தைய சுற்றுகள் காட்டின. இலங்கை உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் ஐ.நா. நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வும், சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவர்களே பின்னாளில் துணைவியை அடிப்பது அதிகம் என்றது. அப்படி வளர்ந்த பையன்கள் எல்லாரும் அடிப்பவர்களாகிவிடுவதில்லை. அதையே வெறுத்து வளர்பவர்களும் உண்டு.

அப்பா கை ஓங்கியதும் தங்கச்சியை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடும் பையனை நம் ஊர்களில் பார்க்கலாம். சில வருடங்களில் அதே தங்கச்சி போனில் பேசினாள் என்று அவனே அறைகிறான். "ஆம்பளப் புள்ள, கண்டிக்கிறான்" என்கிறது வீடு. பின்னால் மனைவி மேல் விழப்போகும் அடிக்கு அன்றே அனுமதி கிடைத்துவிடுகிறது. என்னைக் கேட்டால், பெரியவர்கள் குறுக்கே நிற்க வேண்டிய இடம் இதுதான்.

ஆனால் பகலில் குறுக்கே நிற்க ஆள் இல்லாத வீடுகளும் உண்டு. தேனி மாவட்டத்தின் கம்பம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து விடிவதற்குள் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தாய்மார்கள் பொழுது சாயத்தான் திரும்புகிறார்கள். குறை அவர்கள் மேல் இல்லை. ஆனால், "வயசுப்புள்ளய தனியா விட்டுட்டு எப்படி மலைக்குப் போறது?" என்ற பயத்தில் படிப்பை நிறுத்திக் கல்யாணம் முடித்துவிட்டால், கையில் சம்பாத்தியமும் இல்லாமல், எதிர்த்துப் பேச வயதும் இல்லாமல் அந்தப் பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். அதே தேசிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 நிறையும் முன்பே மணமானவர்கள்.

குடியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்த ஆய்வின் நாடு முழுவதற்குமான கணக்கில், அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவர்களின் மனைவிகளில் 70 சதவீதம் பேர் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள்; குடிக்காதவர்களின் மனைவிகளில் 23.

இந்த எண்ணத்தைப் பள்ளியிலேயே மாற்ற முடியும். ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதியில் 7 முதல் 10ஆம் வகுப்பு வரை ஆண்-பெண் சமத்துவம் பற்றி இரண்டரை ஆண்டுகள் வகுப்பு நடத்தினார்கள். பிள்ளைகளின் எண்ணம் மாறியது. வகுப்புகள் முடிந்து இரண்டு ஆண்டு கழித்தும் அந்த மாற்றம் நின்றது. வீட்டு வேலையில் முன்பைவிட அதிகமாகக் கைகொடுப்பதாகப் பையன்கள் சொன்னார்கள். தேனி மாவட்டப் பள்ளிகளிலும் இதைச் செய்யலாம்.

வீட்டில் அடிதடி என்றால் பிள்ளைகளே 1098க்குப் பேசலாம். பெண்களுக்கான எண் 181. இரண்டுக்கும் கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள்.