ஃபெராரியின் சிவப்பு தெரியாத என்சோ

அமெரிக்க எழுத்தாளர் கார்த் ஸ்டைன் 2008இல் வெளியிட்ட ‘தி ஆர்ட் ஆஃப் ரேசிங் இன் தி ரெய்ன்’ நாவலைச் சொல்வது என்சோ என்கிற நாய். ஃபெராரி கம்பெனியை நிறுவியவரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார், அதை சியாட்டில் நகரில் வளர்க்கும் கார் பந்தய வீரர் டென்னி. அவர் வெளியே போனால் என்சோவுக்கு டிவிதான் பள்ளிக்கூடம். பந்தய வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே நுணுக்கங்களைக் கரைத்துக் குடித்துவிடுகிறது.

நாயின் கண் இதற்கு ஒத்துழைக்காது. நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் நமக்கு மூன்று வகை, நாய்க்கு இரண்டே. நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே மங்கல். பந்தயத்தைத் தொடங்கும் பச்சைக் கொடிக்கும் நிறுத்தும் சிவப்புக் கொடிக்கும் நிறத்தில் வித்தியாசம் காண்பது என்சோவுக்குக் கஷ்டம். ஃபெராரியின் பேர்போன சிவப்பும் அதற்குச் சிவப்பல்ல. பழைய பிக்சர் டியூப் டிவி என்றால் இன்னும் மோசம். விநாடிக்கு 60 முறை அது மினுக்குவது நமக்குத் தெரியாது. நாயின் கண்ணுக்குத் தெரியும்.

பொம்மைகளைக் கடித்துக் குதறியது வரிக்குதிரை பொம்மைதான் என்று என்சோ சாதிக்கும் இடம் வேடிக்கையானது. நிஜத்தில் நாய்க்குக் குற்ற உணர்ச்சி உண்டா? 2009இல் நாய் ஆராய்ச்சியாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களைச் சோதித்தார். தப்பு செய்ததோ இல்லையோ, வீட்டுக்காரர் திட்டினால் நாய் குற்றவாளி முகத்தைக் காட்டியது. அதாவது, அது நம் கோபத்துக்கான பதில்.

மூக்கு விஷயத்தில் மட்டும் ஸ்டைன் பக்கம் நியாயம் இருக்கிறது. டென்னியின் மனைவி ஈவுக்கு மூளையில் கட்டி. டாக்டர்கள் கண்டுபிடிப்பதற்கு வெகுமுன்பே என்சோவுக்கு வாடை தட்டிவிடுகிறது. வாயில்லா ஜீவன், யாரிடம் சொல்லும்?

நிஜத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 1989இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் லண்டன் டாக்டர்கள் இருவர் ஒரு கடிதம் எழுதினார்கள். ஒரு பெண்ணின் நாய் அவர் காலிலிருந்த மச்சத்தை மட்டும் ஓயாமல் முகர்ந்தது, ஒருநாள் கடித்தே எடுக்கப் பார்த்தது. சோதித்தால், மெலனோமா புற்றுநோய். 2004இல் பிரிட்டனில் ஆறு நாய்களைப் பழக்கி, ஏழு சிறுநீர் மாதிரிகளில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளியுடையதைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 41 சதவீதம் சரி. குருட்டாம்போக்கில் என்றால் 14தான். பயிற்சியின்போது நடந்ததுதான் சுவாரஸ்யம். நோயில்லாதவர் என்று சேர்த்திருந்த ஒருவரின் மாதிரி முன்னால் எல்லா நாய்களும் அடம்பிடித்து நின்றன. அவரை மறுபடி பரிசோதித்தபோது சிறுநீரகத்தில் புற்றுநோய் இருந்தது. ஸ்கேனை ஓரங்கட்ட இதெல்லாம் போதாது என்பது வேறு விஷயம்.

நாய் உள்ளிழுக்கும் காற்றில் ஒரு பகுதி சுவாசத்துக்குப் போகாமல் மோப்பத்துக்கென்றே பிரிந்து போகிறது. வெளிவிடும் மூச்சு நாசியின் பக்கவாட்டுப் பிளவு வழியாக வெளியேறுவதால், முன்னாலிருக்கும் வாசனை கலைவதில்லை.

இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு என்சோ பெரும்பாலும் தத்துவம் பேசுகிறது. வர்ஜீனியா வுல்ஃப் 1933இல் எழுதிய ‘ஃப்ளஷ்’ஷில் நாய் நேரடியாகக் கதை சொல்வதில்லை, ஆனால் ஃப்ளாரன்ஸ் நகரத் தெருக்களை மோப்பத்தாலேயே அறிகிறது. என்சோவை ரசித்துப் படித்தேன். நாயை அறிந்து எழுதிய நாவல் எது என்று கேட்டால், என் ஓட்டு ‘ஃப்ளஷ்’ஷுக்குத்தான்.