பொலொக் பதக்கமும் ஒரு பொறியியலாளரின் வாழ்க்கைப் பாதையும்

பழைய பதக்கங்களைச் சேகரிப்போர் அவற்றின் உலோகத்தையும் விளிம்பிற் பொறிக்கப்பட்ட பெயரையும் கொண்டே விலை மதிப்பர். ஏலவிற்பனைப் பட்டியல்களில் பெயரை அடுத்து, பதக்கம் பெற்றவர் கற்ற இடம், கலந்துகொண்ட போர், அடைந்த பதவி என்பன சில வரிகளில் நிரல்படுத்தப்படும். இலக்கிய ஆய்வாளராகிய நாம் அவ்வரிகளையும் ஒரு கதைகூறலாகவே கொள்ளுதல் வேண்டும். அதன் நாயகர் யார் என்பது பட்டியலிலேயே தெரிகிறது; அவர் யாருக்காக உழைத்தார், யாருக்கு எதிராக உழைத்தார் என்பன அதிற் காணப்படுவதில்லை.

பொலொக் பதக்கம் இத்தகைய வாசிப்புக்கு ஏற்றதொரு பொருள். கல்கத்தாவில் வாழ்ந்த பிரித்தானியர் நிதி திரட்டி, படைத்தளபதி ஜோர்ஜ் பொலொக்கின் பெயரால் நிறுவிய பரிசு அது. கிழக்கிந்தியக் கம்பனி 1809 முதல் 1861 வரை இலண்டனுக்குத் தெற்கே குறொய்டன் அருகில் நடத்திவந்த அடிஸ்கம் இராணுவக் கல்லூரியில், இறுதிப் பரீட்சையில் முதன்மை பெற்ற மாணவருக்கு அது வழங்கப்பட்டது. அக்கல்லூரியிற் கணிதத்திலும் அரணமைப்பிலும் சிறந்தோர் பொறியியற் படைக்கும், அடுத்த நிலையினர் பீரங்கிப் படைக்கும், எஞ்சியோர் காலாட்படைக்கும் அனுப்பப்படுவது வழக்கம். ஆகவே பதக்கம் பெரும்பாலும் பொறியியலாளரையே சென்றடைந்தது.

பொலொக்கின் எச்சேவை இவ்வாறு நினைவுகூரப்பட்டது? 1842 யனவரியிற் காபூலிலிருந்து பின்வாங்கிய பிரித்தானியப் படை வழியிலேயே அழிந்தது. அதற்குப் பழிவாங்கவும் கைதிகளை மீட்கவும் அனுப்பப்பட்ட படைக்குத் தலைமை தாங்கிய பொலொக், ஏப்ரலிற் கைபர் கணவாயை வென்று செப்ரெம்பரிற் காபூலை அடைந்தார். கொல்லப்பட்ட பிரித்தானியத் தூதர் மக்னாட்டனின் உடல் காட்சிக்கு வைக்கப்பட்ட இடம் என்பதற்காக, முகலாயர் காலத்துப் பெருங்கடைத்தெரு ஒக்ரோபரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அவ்வேலையை நிறைவேற்றியவர் தலைமைப் பொறியியலாளர் பிரெடெரிக் அபொற். இதே அபொற் 1851 முதல் அடிஸ்கம் மூடப்படும்வரை அதன் தலைவராக இருந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. தகர்த்தவர் கட்டுதற்கலை பயிலும் மாணவருக்குத் தலைவரானமை முரணாகத் தோன்றலாம். குடியேற்ற ஆட்சியில் அவை இரண்டும் ஒரே கலையே.

பதக்கத்தைத் தொடக்க ஆண்டுகளிலேயே பெற்றவருள் ஒருவர் ஜேம்ஸ் ஜோன் மக்லியோட் இன்னிஸ். கம்பனி மருத்துவரின் மகனாக 1830 இல் பகல்பூரிற் பிறந்தவர். எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பரிசு பெற்றவர். 1848 டிசெம்பரில் வங்காளப் பொறியியற் படையில் அதிகாரியானவர். அப்போது அபொற் தலைமையேற்கவில்லை.

1853 யூனில் நியூயோர்க் டெயிலி ட்ரிபியூனில் எழுதிய கட்டுரையிற் கார்ல் மார்க்ஸ், ஆசிய அரசுகளுக்கு மூன்று துறைகள் இருந்தன என்றார்: உள்நாட்டைச் சூறையாடும் நிதித்துறை, வெளிநாட்டைச் சூறையாடும் போர்த்துறை, பொதுவேலைத்துறை. பிரித்தானியர் முதலிரண்டையும் ஏற்று மூன்றாவதைக் கைவிட்டனர் என்பது அவர் வாதம். இன்னிஸின் வாழ்க்கை இம்மூன்றினூடாகவும் செல்கிறது. அவர் முதலிற் பணியாற்றியது, 1849 இற் கைப்பற்றப்பட்ட பஞ்சாபிலே ராவி நதி நீரைக் கொண்டுசென்ற பாரி தோஆப் கால்வாயில். கைவிடப்பட்டதாக மார்க்ஸ் கூறிய துறை அக்காலத்தில் மீண்டும் தலைதூக்கியது. ஆயின் படையின் பின்னாலேயே வந்தது.

1857 இல் இன்னிஸ் லக்னோவில் இருந்தார். மச்சி பவன் என்னும் பழைய கோட்டை அவர் பொறுப்பில் விடப்பட்டது. யூன் 30 இற் சின்ஹட்டில் பிரித்தானியர் தோல்வியுற்றதை அடுத்து, கோட்டையைக் கைவிட்டு, கிளர்ச்சியாளர் கைக்குப் போகாதவாறு அதை வெடிவைத்துத் தகர்த்துச் சென்றனர். பின்னர் பிரித்தானிய வதிவிடத்தின் முற்றுகையில் அவர் நிலக்கீழ்க் கண்ணிவேலைகளில் ஈடுபட்டார்.

இவ்விடத்தில் நாம் சற்றுத் தரித்து நோக்குதல் வேண்டும். அக்காலப் போர்ச்செய்திகளை விமர்சித்த எங்கெல்ஸ், சிப்பாய்களிடம் படைத்துறையின் அறிவியற் கூறு இல்லாமையைப் பெருங்குறையாகக் கண்டார். அதன் சமூகக் காரணம் தெளிவானது. வங்காளச் சுரங்கப்படையிற் கிடங்கு தோண்டிய இந்தியர் பலர் இருந்தனர். 1857 மே மாதம் மீரட்டில் அவர்களும் கிளர்ந்தனர். ஆயின் வரைபடமும் கணிப்பும் அடிஸ்கத்தில் பயின்றோர் கையிலேயே இருந்தன. பதக்கம் அந்தத் தனியுரிமையின் முத்திரை எனலாம்.

எனினும் எங்கெல்ஸின் கூற்றை முழுமையாக ஏற்பதில் எமக்குத் தயக்கம் உண்டு. வதிவிடச் சுவர்களை நோக்கிக் கிளர்ச்சியாளர் கண்ணிக்கு மேல் கண்ணியாகத் தோண்டினர். அவற்றை எதிர்க்க, 32 ஆம் படைப்பிரிவிலிருந்த கோர்ன்வால் சுரங்கத் தொழிலாளர் வேண்டியிருந்தனர். மறுபுறத்தில் தோண்டியோருள் பாசி என்னும் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர் இருந்ததையும் அவர்தம் மண்தோண்டும் திறனையும் பிரித்தானியரே பதிந்துள்ளனர். ஆக, நிலத்தின் கீழே இரு நாட்டு உழைப்பாளர் ஒருவரையொருவர் செவிமடுத்தபடி தோண்டினர். ஒருவரது மொழியை மற்றவர் அறியார். பாசிகளிடம் இருந்தது ஏட்டில் ஏறாத அறிவு. அதற்குப் பரீட்சையுமில்லை, பரிசுமில்லை.

1858 பெப்ரவரி 23 இற் சுல்தான்பூரில், பீரங்கிக்குத் தீயிட முனைந்த கிளர்ச்சியாளரைச் சுட்டு, உதவி வரும்வரை தனித்து நின்றமைக்காக இன்னிஸுக்கு விக்ரோறியாச் சிலுவை கிடைத்தது. அவர் துணிவை நாம் மறுக்கவில்லை. அந்தப் பீரங்கியின் அருகே இறுதிவரை நின்ற மனிதனின் துணிவுக்குப் பெயர் இல்லாமற் போனதையே சுட்டுகின்றோம்.

எஞ்சியது நிதித்துறை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்திற் பருத்தி விலை ஏறியமையாற் பம்பாயில் எழுந்த ஊகவணிகம், போர் முடிந்ததும் சரிந்தது. அதன் விளைவாக வீழ்ந்த பம்பாய் வங்கி பற்றிய விசாரணைக் குழுவில் இன்னிஸ் ஓர் உறுப்பினர். 1870 இற் பொதுவேலைத்துறையின் கணக்காளர் நாயகமும், 1882 இல் இராணுவ வேலைகளின் தலைமைப் பரிசோதகரும் ஆனார். 1886 இல் ஓய்வுபெற்றார்.

ஓய்வின் பின்னர் அவர் வரலாற்றாசிரியரானார். லக்னோ, அவுத் நிகழ்வுகள் பற்றி 1895 இலும், சிப்பாய்க் கிளர்ச்சி பற்றி 1897 இலும் நூல்களை வெளியிட்டார். முற்றுகையிடப்பட்டவரே முற்றுகையின் வரலாற்றையும் எழுதினார். மறுபுறத்தில் மண்தோண்டியோர் எழுதிய நூல் நமக்குக் கிட்டவில்லை. அவர்களது சமூகம் வேறோர் ஏட்டில் இடம்பெற்றது: 1871 இற் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பாசிகளும் பின்னர் பதிவுசெய்யப்பட்டனர்.

இன்னிஸ் 1907 டிசெம்பரிற் கேம்பிரிட்ஜில் இறந்தார். அடிஸ்கம் மூடப்பட்டபின் பொலொக் பதக்கம் வூலிச் இராணுவக் கல்லூரிக்கு மாற்றப்பட்டிருந்தது. மச்சி பவன் இருந்த மேட்டிலே இன்று லக்னோவின் மருத்துவப் பல்கலைக்கழகம் நிற்கிறது.