மலைப்பகுதியும் மின்சார வாகன ஊக்கக் கொள்கையும்

மின்சார வாகனங்களின் பயன்பாட்டைப் பெருக்க, மானியம், வரிவிலக்கு, கட்டணச் சலுகை ஆகியவற்றை அரசு வழங்குவதே மின்சார வாகன ஊக்கக் கொள்கை எனப்படும். மின்கலத்தின் விலையால் இவ்வாகனங்களைத் தொடக்கத்தில் வாங்கும் செலவு அதிகம். ஓட்டும் செலவு குறைவு. இந்த முதல் செலவைக் குறைப்பதே கொள்கையின் நோக்கம்.

நடுவண் அரசின் திட்டங்கள்

இந்தியாவில் 2015 ஏப்ரலில் ஃபேம் திட்டம் தொடங்கியது. 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அதன் இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரலில் வந்தது. மானியம் மின்கலத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. இருசக்கர வாகனங்களுக்கு ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக இருந்த மானியம், 2023 ஜூனில் 10,000 ரூபாயாகக் குறைந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் அது தொடக்கத்தில் 5,000 ரூபாயாக இருந்தது. விற்பனை வளர வளர மானியத்தைப் படிப்படியாகக் குறைப்பது இத்திட்டங்களின் போக்கு. 2019 ஆகஸ்டு முதல் மின்சார வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

தமிழ்நாட்டின் கொள்கை

தமிழ்நாடு 2019 செப்டம்பரில் முதல் மின்சார வாகனக் கொள்கையையும், 2023 பிப்ரவரியில் திருத்திய கொள்கையையும் வெளியிட்டது. பின்னது 50,000 கோடி ரூபாய் முதலீட்டையும் 1.5 லட்சம் வேலைவாய்ப்புகளையும் இலக்காகக் கொண்டது. சாலை வரிக்கு 2025 இறுதி வரை முழு விலக்கு அறிவித்தது. சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறும் முன்னோடி நகரங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன.

மலைப்பகுதியின் நிலை

திண்டுக்கல் மாவட்டத்தில் கீழ்ப்பழனி மலையிலுள்ள பெரும்பாறை, காப்பியும் மிளகும் விளையும் பகுதி. இங்குள்ளோருக்கு வாகன விலை மட்டுமே தடையன்று. வண்டியும் ஆட்களும் சேர்ந்து 250 கிலோ எடையுள்ள ஸ்கூட்டர் 1,000 மீட்டர் உயரம் ஏற, உராய்வு இழப்புகள் நீங்கலாகவே சுமார் 0.7 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். சமதளத்தில் இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடப் போதுமான ஆற்றல் இது. இறங்கும்போது மோட்டார் மின்னாக்கியாகச் செயல்பட்டு, அதில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பித் தரும். ஆயினும் ஏறும் வழியில் மின்னேற்ற வசதி இல்லையெனில், வரிவிலக்கு பெற்ற வாகனமும் மலைக்குப் பயன்படாது.

பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி மின்னேற்ற நிலையங்களுக்கு உரியது. ஆனால் அதன் பேருந்து உதவி 40 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 9 நகரங்களையே முதன்மையாகக் கருதுகிறது. மலைக் கிராமங்களோ பேருந்தையும் சரக்கு வாகனத்தையும் நம்பியிருப்பவை.

கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை நடப்பில் உள்ளது. 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம், சுற்றுலாக் காலத்தில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என வரம்பு விதித்தது. மின்சார வாகனம் புகையைக் குறைக்கும், நெரிசலைக் குறைக்காது. எனவே மலைப்பகுதிக்குத் தனியார் வாகன மானியத்தைவிட, அடிவாரத்திலும் மலைவழியிலும் மின்னேற்ற நிலையங்களும் மின்சாரச் சிற்றுந்துகளுமே கூடுதல் பயன் தரக்கூடியவை.